பாறை உருக்கிய அறிஞர் போவன்

எரிமலை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவது நெருப்பேயன்றி நீரன்று. நீர் நெருப்பை அவிக்கும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஆயினும், நிலத்தின் ஆழத்தே கிடக்கும் கற்களை உருகச் செய்வதில் நீருக்குப் பெரும்பங்கு உண்டென்றும், அந்நீர் இல்லாதிருப்பின் இன்று உலகில் புகைந்து நிற்கும் எரிமலைகளிற் பல தோன்றியே இரா என்றும் பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறுகின்றனர். இவ்வுண்மையை எண்ணாலும் அளவாலும் நிலைநாட்டியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், கனடா தேசத்திற் பிறந்த நார்மன் லீவை போவன் என்னும் அறிஞர். அவர் வாழ்க்கையில் ஒரு விந்தை உண்டு. நீரின் பெயரைச் சொல்லிப் பாறைகளின் வரலாறு முழுவதையும் விளக்கிவிட முயன்றோரை நாற்பதாம் வயதில் நகையாடியவரும் அவரே; அறுபதாம் வயதில் அதே நீரை இரும்புக் குழாய்க்குள் அடைத்து, அதன் வல்லமையை உலகம் ஒப்புக்கொள்ளுமாறு செய்தவரும் அவரே. இவ்விரண்டும் தம்முள் மாறுபட்டனவோ என்று ஐயுறுவாரும் இருக்கலாம். அவ்வையம் யாமும் கொண்டதுண்டு. அவர் வாழ்க்கையைத் தொடர்ந்து நோக்கியபின் அது நீங்கிற்று. நீங்கிய வகையை நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

போவன் 1887-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21-ஆம் தேதி, ஆன்டேரியோ மாகாணத்தைச் சேர்ந்த கிங்ஸ்டன் நகரிற் பிறந்தார். ஒன்டேரியோ என்னும் பேரேரியின் கரையில் அமைந்த ஊர் அது. அவ்வூரிலேயே குவீன்ஸ் சர்வகலாசாலை இருந்தமையால், வெளியூர் செல்லாமலே உயர்தரக் கல்வி பெறும் பேறு அவருக்கு வாய்த்தது. முதலிற் பொதுக்கலைகளைப் பயின்றவர், பின்னர்ச் சுரங்கக் கல்வியின்பாற் கருத்துக்கொண்டு, கனிப்பொருள் நூலையும் பூகர்ப்ப சாஸ்திரத்தையும் கற்று 1909-இல் அப்பயிற்சியை முடித்தார். விடுமுறைக் காலங்களில் ஆன்டேரியோ மாகாணத்தின் வடபகுதிக் காடுகளிற் பாறைகளை ஆராய்ந்து படம் வரையும் குழுவினருடன் சென்று உழைத்தார். அங்கே கௌகாண்டா என்னும் ஏரியின் பக்கத்தில், கரிய பாறை ஒன்றும் அதனோடு ஒட்டிச் செந்நிறமான வெளிறிய பாறை ஒன்றும் கிடந்தன. ஒரே குழம்பு குளிர்ந்து இருவேறு கல்லாயிற்றோ, அன்றி இரண்டும் வெவ்வேறு பிறப்பினவோ என்ற வினா அவர் உள்ளத்தில் அப்பொழுதே வேரூன்றிற்று. அதன்பின் அவர் செய்த ஆராய்ச்சிகள் அனைத்தும் இவ்வொரு வினாவின் கிளைகளே எனினும் பிழையாகாது.

பின்னர் அமெரிக்க ஐக்கிய நாட்டிலுள்ள மாஸசூஸெட்ஸ் தொழிற்கலைக் கழகத்தை அடைந்தார். அங்கிருந்து 1910-இல் வாஷிங்டன் நகரிலுள்ள கார்னெகி ஸ்தாபனத்தின் பூபௌதிக ஆராய்ச்சிச்சாலைக்குச் சென்றார். டாக்டர் பட்டத்திற்குரிய ஆராய்ச்சியை அங்கே நிகழ்த்தி, 1912-இல் பட்டம் பெற்று, அச்சாலையிலேயே ஊழியராக அமர்ந்தார். இதற்கிடையே 1911-இல் மேரி லாமொன்ட் என்னும் மங்கையை மணந்தார். அவருடைய இல்வாழ்க்கை அமைதியாகச் சென்றது என்பதன்றி, ஈண்டு விரித்துரைக்கத்தக்கது வேறொன்றும் இல்லை.

அக்காலத்துப் பூகர்ப்ப சாஸ்திரி சம்மட்டியும் பையுமாக மலைமேல் ஏறுவார், கல்லை உடைப்பார், மெல்லிய சீவலாகத் தேய்த்து உருப்பெருக்கியில் நோக்குவார், பின்னர் அது பிறந்த வகையை ஊகிப்பார். ஊகத்தைத் தேற்றிக்கொள்ள அவருக்கு வழியில்லை. வாஷிங்டன் ஆராய்ச்சிச்சாலையோ இம்முறையைத் தலைகீழாக்கிற்று. கல்லை எடுத்துக்கொண்டு பிறப்பை ஊகிக்காமல், கல்லைத் தாமே பிறப்பித்துப் பார்ப்பது அங்குள்ளோர் கொள்கை. தூய பொருள்களை அளந்து கலந்து, அவற்றைச் சிறு பிளாட்டினத் தகட்டிற் பொதிந்து, மின்சார உலையில் குறித்த வெப்பத்தில் மணிக்கணக்காகவோ நாட்கணக்காகவோ வைப்பர். பிறகு அப்பொதியைத் திடீரெனப் பாதரசத்தில் வீழ்த்துவர். அக்கணமே குளிர்ந்துவிடுதலால், உலையினுள் உருகி நின்ற பகுதி கண்ணாடியாகவும், உருகாத பகுதி படிகமாகவும் அப்படியே உறைந்து நிற்கும். உருப்பெருக்கியில் நோக்கினால், அவ்வெப்பத்தில் எது உருகிற்று, எது உருகவில்லை என்பது தெளிவாகும். ஒரு கலவைக்கு இவ்வாறு பத்து முறை. இருபது கலவைகளுக்கு இருநூறு முறை. இவ்வளவு உழைப்பிற்கும் பயனாகக் கிடைப்பது வரைபடம் ஒன்றிலுள்ள வளைகோடு ஒன்றே. பொறுமையற்றவர்க்கு இத்தொழில் ஆகாது. போவனுக்கு அது இயல்பாக அமைந்தது.

1913-இல் அவர் பெல்ஸ்பார் என்னும் கனிப்பொருள் இனத்தை எடுத்துக்கொண்டார். நிலத்தின் மேலோட்டில் இதனினும் மிகுதியாய் உள்ள கனிப்பொருள் பிறிதில்லை. சுண்ணாம்புச் சத்துடைய பெல்ஸ்பார் 1,550 டிகிரி அளவில் உருகும். சோடியச் சத்துடையது 1,100 டிகிரிக்குச் சற்று மேலே உருகும். இவை கலந்த குழம்பு குளிரும்போது முதலிற் சுண்ணாம்புச் சத்து மிகுந்த படிகம் தோன்றி, பின்னர்ச் சூழ்ந்துள்ள குழம்போடு இடைவிடாது ஊடாடிச் சிறிது சிறிதாக மாறுகின்றது என்பதை அவர் ஐயத்திற்கிடமின்றிக் காட்டினார். 1915-இல் மற்றொரு சோதனை. சிறு மூசையினுள் உருகிய குழம்பில் ஆலிவின் என்னும் பச்சைக் கனிப்பொருள் படிகமாகித் தன் கனத்தால் அடியிற் சென்று தங்குவதைக் கண்டார். அடியில் தங்கியது ஒருவகைக் கல். மேலே எஞ்சிய குழம்பு வேறுவகைக் கல். கௌகாண்டா ஏரிக்கரையில் தோன்றிய வினாவிற்கு ஒரு விடை கையளவு மூசையினுள் கிடைத்தது. குளிருங் குழம்பினின்று கனிப்பொருள்கள் எந்த முறையிற் பிறக்கும் என்பதை 1922-இல் அவர் வகுத்துக் கூறினார். அவ்வரிசை அவர் பெயராலேயே வழங்கி, இன்றும் பூகர்ப்ப சாஸ்திர மாணவர் முதலாண்டிற் கற்கும் பாடமாக இருக்கின்றது.

முதலாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, தொலைநோக்கிகளுக்குரிய உயர்தரக் கண்ணாடி ஜெர்மனியினின்று வருவது நின்றிருந்தது. கல்லை உருக்கத் தெரிந்தவர்க்குக் கண்ணாடி உருக்குவது பெரிதன்று என்று கருதிய அரசாங்கம் அவ்வாராய்ச்சிச்சாலையின் துணையை நாடிற்று. போவனும் அப்பணியில் ஈடுபட்டார். பின்னர்ச் சிறிது காலம் தாம் கற்ற குவீன்ஸ் சர்வகலாசாலையிற் பேராசிரியராய் இருந்து, 1920-இல் வாஷிங்டனுக்கு மீண்டார்.

இனி நீரின் கதைக்கு வருவோம். எரிமலை வாயிலிருந்து எழும் வெண்புகையிற் பெரும்பகுதி நீராவியே என்று பலர் நம்பிவந்தனர். ஜினீவா நகரத்து ஆல்பெர்ட் புருன் என்பவர் இதனை மறுத்து, உண்மையான எரிமலை ஆவியில் நீரே இல்லை என்று வாதித்தார். வாஷிங்டன் ஆராய்ச்சிச்சாலையின் தலைவர் ஆர்தர் டே, ஷெப்பர்டு என்னும் துணைவருடன் 1912-இல் ஹவாய்த் தீவிலுள்ள கிலவேயா எரிமலையின் வாய்க்குள்ளேயே இறங்கினார். கொதிக்கும் குழம்பின் மேலிருந்த பிளவு ஒன்றிற் குழாயைச் செருகி, வெளிக்காற்றுக் கலவாத ஆவியை இறைத்து எடுத்தார். குழாய்களில் நீர் திரண்டு நின்றது. நீர் உண்டு என்பது இவ்வாறு கண்கூடாயிற்று. ஆனால், உண்டு என்பது வேறு; உண்டாகி என்ன செய்கின்றது என்பது வேறு.

இவ்விரண்டாம் வினாவில்தான் குழப்பம் மிகுந்தது. கல்லியலார் பலர், தமக்கு விளங்காத எந்த மாற்றத்தையும் நீராவியின் தலையிற் சுமத்திவிடுவது வழக்கமாயிருந்தது. ஒரு பாறை எதிர்பார்த்ததினும் குறைந்த வெப்பத்தில் உருகியதா? ஆவியின் செயல். ஒரு பாறையின் பகுதிகள் இடம் மாறினவா? அதுவும் ஆவியின் செயல். போவன் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1928-இல் பெருநூலாக வெளிவந்தன. அந்நூலில் இவ்வழக்கத்தை அவர் கூர்மையாக எள்ளினார். மாக்ஸ்வெல் என்னும் பௌதிக அறிஞர் வாதத்தின் பொருட்டுக் கற்பித்த பூதம் ஒன்று உண்டு. கல்லியலார் பலர்க்கு ஆவி அப்பூதம் போன்றது, வேண்டியதை வேண்டியவாறு செய்து முடிப்பது என்பது அவர் நகையின் சாரம். நம் நாட்டுக் கதைகளில் வரும் ஏவற்பூதம் போன்றது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இந்நகையை வைத்து அவர் நீரின் பகைவர் என்று கொள்ளுதல் தவறு. குழம்பு குளிருங்காலத்து நீர் கடைசியாக எஞ்சும் திரவத்திலே திரளும் என்பதையும், காக்காய்ப்பொன் முதலிய கனிப்பொருள்கள் தம் அமைப்பிலேயே நீரைக் கொண்டுள்ளன என்பதையும் அவர் நன்கறிவார். 1915 முதலே எழுதியும் இருந்தார். அவர் வேண்டியது அளவு. எத்தனை பங்கு நீர்? எவ்வளவு அமுக்கத்தில்? எத்தனை டிகிரி குறைகின்றது? இம்மூன்றும் சொல்லாதவர் நீரைப்பற்றி ஒன்றும் சொன்னவராகார் என்பது அவர் கட்சி. அதே ஆராய்ச்சிச்சாலையில் இருந்த கிளாரென்ஸ் பென்னர், அலாஸ்காவிலுள்ள கட்மாய் எரிமலை நாட்டிற்கு 1919-இல் சென்று, புகை கக்கும் பள்ளத்தாக்கைக் கண்டு மீண்டவர். ஆவியின் வலிமையைக் கண்ணாற் கண்டவராதலின், அதற்குப் பெருஞ் சிறப்புக் கொடுத்தார். ஒரே கூரையின்கீழ் உழைத்த இருவரும் பத்திரிகைகளில் ஒருவரையொருவர் மறுத்து எழுதினர். இத்தகைய மாறுபாட்டைப் பொறுத்துக்கொண்ட ஸ்தாபனத்தை யாம் பாராட்டுகின்றோம்.

அளவு காண்பதிலுள்ள இடர்ப்பாடு யாதெனின், திறந்த உலையில் கல்லையும் நீரையும் சேர்த்து வைத்தால், கல் உருகுவதற்கு நெடுநேரம் முன்பே நீர் ஆவியாய் ஓடிவிடும். ஆழத்தில் அவ்வாறு ஓடுதற்கு இடமில்லை. மேலேயுள்ள பல மைல் கனமான பாறை அதனை அழுத்தி நிற்கின்றது. ஆகவே ஆயிரக்கணக்கான வாயுமண்டல அமுக்கத்தையும், எழுநூறு எண்ணூறு டிகிரி வெப்பத்தையும் ஒருங்கே தாங்கும் பாத்திரம் வேண்டும். செந்தணலாய்க் காய்ந்த எஃகு மெலிந்துவிடும். அமுக்கமோ அதனைப் பிளக்க முயலும். அச்சாலையைச் சேர்ந்த ராபர்ட் கோரான்ஸன் 1931-இல் இவ்விடரை ஒருவாறு கடந்து, ஜார்ஜியா மாகாணத்து ஸ்டோன் மவுண்டன் என்னும் குன்றிலுள்ள கிரானைட்டுக் கல்லை உருக்கி, அதில் எவ்வளவு நீர் கரையும் என்று அளந்தார். நாலாயிரம் வாயுமண்டல அமுக்கத்தில், 900 டிகிரி வெப்பத்தில், நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பங்கு நீர் உருகிய கல்லிற் கரைந்தது. சர்க்கரை நீரிற் கரைவதை அறிவோம். நீர் கல்லிற் கரைவதை எவர் கண்டார்!

1937-இல் போவன் சிக்காகோ சர்வகலாசாலையிற் பேராசிரியப் பதவி ஏற்றுப் பத்தாண்டுகள் அங்கே இருந்தார். அக்காலத்திலே கிரானைட்டைப் பற்றிய பெரும்போர் ஒன்று அறிவுலகில் மூண்டது. கிரானைட்டு உருகிய குழம்பினின்று பிறந்ததென்று ஒரு சாரார் கூறினர். மற்றொரு சாராரோ, பழைய மணற்கல்லும் களிக்கல்லும் உருகாமலே, கீழிருந்து ஊறி வந்த பொருள்களால் மெல்ல மெல்ல மாறிக் கிரானைட்டாயின என்றனர். அவ்வளவு பெரிய கற்குன்றுகளை உருக்கும் வெப்பம் எங்கிருந்து வந்தது, அவை புகுதற்கு இடம் எவ்வாறு கிடைத்தது என்பவை அவர்கள் விடுத்த வினாக்கள். எளிதில் தள்ளத்தக்கன அல்ல. 1947-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க பூகர்ப்ப சங்கத்தார் ஒட்டாவா நகரிற் கூட்டிய விவாத சபையில், போவன் தம் கட்சியாருக்கே பீடாதிபதிகள் என்னும் பொருள்படப் பட்டம் சூட்டி, எதிர்க்கட்சியாரை ஊறல்காரர் எனும் பொருள்பட அழைத்து அவையை நகைக்கச் செய்தார். நகைச்சுவையால் வழக்குத் தீராது என்பதை அவரே நன்கறிந்திருந்தார். அவ்வாண்டிலேயே வாஷிங்டன் ஆராய்ச்சிச்சாலைக்கு மீண்டும் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது அறுபது.

அங்கே அவருக்கு வாய்த்த துணைவர் பிராங்க் டட்டில் என்னும் இளைஞர். பாத்திரத்தைப் பற்றிய இடரை டட்டில் வியக்கத்தக்க எளிமையோடு தீர்த்துவைத்தார். உறுதிமிக்க கலப்புலோகத் தண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையினின்று நீண்ட துளை இட்டார். மறுமுனை மூடியே இருக்கும். மூடிய முனை உலைக்குள்ளே செந்தணலாய்க் காயும். திறந்த முனையும் அதனை அடைக்கும் மூடியும் உலைக்கு வெளியே குளிர்ந்தே நிற்கும். அடைப்பு வெப்பம் படாமையால் இளகுவதில்லை. குளிர்ந்த முனை வழியாக நீரை வேண்டிய அமுக்கத்திற் செலுத்தலாம். இக்கருவிக்கு ஆராய்ச்சியாளர் வைத்த பெயர் டட்டில் குண்டு. பெயர் காரணம் பற்றியதே; வெடித்தால் உண்மையிலேயே குண்டுதான். முன்பு ஒரு சோதனைக்கு ஆன கால அளவில், இப்பொழுது பல குண்டுகளை வரிசையாக நிறுத்திப் பல சோதனைகள் நடத்துதல் எளிதாயிற்று.

மற்றொரு நன்மையும் விளைந்தது. நீரில்லாத பெல்ஸ்பார்க் குழம்பு மிகத் தடித்தது. தேனினும் பாகினும் பன்மடங்கு இறுகியது. அதிற் படிகம் வளர்வதைக் காண மாதக்கணக்கிற் காத்திருந்தும் ஏமாற வேண்டிவரும். சிறிது நீர் புகுந்தவுடன் குழம்பு இளகிப் படிகங்கள் நாட்களிலேயே வளர்ந்தன. தாம் முன்பு நகையாடிய நீரே தம் ஆராய்ச்சிக்குத் துணைநின்றதை எண்ணிப் போவன் புன்முறுவல் கொண்டிருப்பார் போலும்.

கிரானைட்டிற் பெரும்பகுதி மூன்று பொருள்களால் ஆனது: குவார்ட்ஸ் என்னும் வெண்படிகம், சோடிய பெல்ஸ்பார், பொட்டாசிய பெல்ஸ்பார். தூய குவார்ட்ஸ் பொருள் தனித்து 1,713 டிகிரியில் உருகும். சோடிய பெல்ஸ்பார் 1,118 டிகிரியில் உருகும். மூன்றும் தக்க அளவிற் கலந்தால் ஆயிரத்திற்குச் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். இது நம் ஊர்ப் பாத்திரக்காரர் அறியாத மறையன்று. வெள்ளீயம் 232 டிகிரியிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகுவன. இரண்டையும் கலந்த பற்றாசு 183 டிகிரியிலேயே உருகி ஓட்டை அடைக்கின்றது. கூட்டுச் சேர்ந்தால் உருகுநிலை தாழும் என்பது பொதுவிதி. போவனும் டட்டிலும் இம்மூன்றின் கூட்டத்திலே நீரை நான்காவதாகச் சேர்த்தனர். அமுக்கம் ஐந்நூறு வாயுமண்டலமாயின் கூட்டின் உருகுநிலை ஏறத்தாழ 770 டிகிரிக்கு இறங்கிற்று. ஆயிரமாயின் 720. இரண்டாயிரமாயின் 685. நாலாயிரமாயின் 655. உலர்ந்த கல்லை நோக்க முந்நூறு டிகிரிக்கு மேற்பட்ட தாழ்வு!

இதன் காரணத்தைச் சுருங்கக் கூறுவோம். கல்லின் உட்கட்டு, மணற்சத்தாகிய சிலிகானும் பிராணவாயுவும் மாறிமாறிக் கைகோத்த பின்னல். நீர் அப்பின்னலிற் புகுந்து, கோத்த கைகளை இடையிடையே விடுவித்து, தான் அங்கே பற்றிக்கொள்ளுகின்றது. பின்னல் தளர்ந்தால் குழம்பு இளகும். மேலும், உருகிய கல்லில் நீருக்கு இடமுண்டு. குவார்ட்ஸ், பெல்ஸ்பார் ஆகிய படிகங்களின் ஒழுங்கான அமைப்பிலே அதற்கு இடமில்லை. இடம் கொடுக்கும் பக்கமே வலுக்கும். எனவே கல் படிகமாய் நிற்பதினும் உருகி நிற்பதே எளிதாகின்றது. அமுக்கம் மிக மிக நீர் மிகுதியாகக் கரையும். உருகுநிலை மேலும் தாழும். நீரில்லாத கல்லுக்கோ இதற்கு நேர்மாறு. அமுக்கம் ஏற ஏற அதன் உருகுநிலையும் ஏறும். ஒரே அமுக்கம் உலர்ந்த கல்லை உருகாமற் காக்கின்றது. நனைந்த கல்லை உருக்குகின்றது.

இவ்வெண்களினின்று வெளிப்பட்ட செய்திகள் பல. மலைத்தொடர்கள் மடிந்தெழும் இடங்களிற் பதினைந்து இருபது மைல் ஆழத்தில் 650 டிகிரி வெப்பம் அரிதன்று. ஆகவே ஆங்கே புதையுண்ட களிக்கல்லும் மணற்கல்லும், தம்மிலுள்ள நீரின் துணைகொண்டு உருகிக் கிரானைட்டுக் குழம்பைப் பிறப்பித்தல் கூடும். ஊறல்காரர் கேட்ட வெப்ப வினாவிற்கு விடை கிடைத்தது. பழைய படிவுப்பாறைகளே கிரானைட்டாயின என்ற அவர்கள் கூற்றிலும் ஒரு பங்கு உண்மை தங்கிற்று. இது போவனுக்கு எளிதில் விழுங்கத்தக்க விடையன்று என்பதைக் கருதவேண்டும். கரிய பஸால்ட்டுக் குழம்பு படிகமாகிக் கழித்த எச்சமே கிரானைட்டு என்று முப்பது ஆண்டுகளாக வாதாடி வந்தவர் அவர். தம் கையால் வரைந்த கோடுகளோ, எச்சமாகவும் பிறக்கலாம், பழைய கல் உருகியும் பிறக்கலாம், இரண்டிற்கும் முடிவிடம் ஒன்றே என்று காட்டின. அவர் அக்கோடுகளை மறைக்கவுமில்லை, வளைக்கவுமில்லை. உலகெங்குமிருந்து பகுத்தாராயப்பட்ட ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கிரானைட்டு இனக் கற்களின் அளவைகளை எடுத்து அதே முக்கோண வரைபடத்திற் புள்ளிகளாக இட்டபோது, அவை எங்கும் சிதறாமல், சோதனையிற் கண்ட தாழ்ந்த உருகுநிலையைச் சுற்றியே ஈக்கள் போல் மொய்த்து நின்றன. கிரானைட்டு குழம்போடு தொடர்புடையது என்பதற்கு இதனினும் வலிய சான்று அதுவரை எவரும் காட்டியதில்லை.

இன்னொரு செய்தியும் நயமானது. நீர் நிறைந்த கிரானைட்டுக் குழம்பு மேலே ஏறினால் அமுக்கம் குறையும். குறையவே நீர் குமிழியிட்டுப் பிரியும். பிரியவே உருகுநிலை ஏறிக் குழம்பு வழியிலேயே உறைந்துவிடும். கிரானைட்டுக் குன்றுகள் பெரும்பாலும் நிலத்தின் அடியிலேயே உறைந்து, மேல்மண் அரித்தபின் நம் கண்ணுக்குத் தோன்றுவதன் காரணம் இதுவே.

இவ்விடத்தில் நம் பக்கத்துக் கல் ஒன்றையும் நினைவுகூர்தல் தகும். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் கரிய கல்லுக்குச் சார்னகைட்டு என்று பெயர். கல்கத்தா நகரில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை அவ்வினக் கல்லால் ஆனமை கண்டு, தாமஸ் ஹாலந்து 1893-இல் அப்பெயரிட்டார். கிரானைட்டை ஒத்த பொருள்களே அதிலும் உள. ஆனால் நீரைத் தன்னகத்தே கொண்ட காக்காய்ப்பொன்னின் இடத்தில், நீரில்லாத ஹைபர்ஸ்தீன் என்னும் கனிப்பொருள் நிற்கின்றது. நீர் மிக அரிதாயிருந்த ஆழத்திலே, மிக்க வெப்பத்திலே முதிர்ந்த கல் அது. நீர் இருந்ததன் விளைவைக் கிரானைட்டிலும், இல்லாமையின் விளைவைப் பல்லாவரத்திலும் காணலாம்.

போவனும் டட்டிலும் 1949-இல் வேறொரு வழக்கையும் தீர்த்தனர். பாம்பின் தோல் போன்ற பசிய ஸர்ப்பெண்டைன் என்னும் கல், நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு அளவு நீரைத் தன்னுள் கொண்டது. இத்துணை நீர் உடைமையால் அது குறைந்த வெப்பத்திலேயே உருகிக் குழம்பாய்ப் பாய்ந்திருக்க வேண்டும் என்று ஹாரி ஹெஸ் முதலிய அறிஞர் கருதியிருந்தனர். போவனும் டட்டிலும் குண்டினுள் வைத்துப் பார்த்தனர். ஐந்நூறு டிகிரி அளவில் அக்கல் உருகவில்லை; மாறாக ஆலிவினும் மாக்கல்லுமாகச் சிதைந்து நீரை வெளிவிட்டது. வெப்பத்தை மேலும் பல நூறு டிகிரி ஏற்றியும் குழம்பு தோன்றவில்லை. கிரானைட்டிற்கு நீர் செய்யும் உதவியை ஸர்ப்பெண்டைனுக்குச் செய்யவில்லை. ஏவற்பூதம் ஓரிடத்தில் வேலை செய்தது, ஓரிடத்தில் மறுத்துவிட்டது. முதலில் எழுப்பிய ஐயத்திற்கு யாம் கண்ட விடை இங்கேதான் இருக்கின்றது. எதில் நீர் உருக்கும், எதில் உருக்காது என்று பிரித்தறிவதே அவர் 1928-இலும் வேண்டியது, 1949-இலும் செய்தது.

லண்டன் பூகர்ப்ப சங்கத்தார் 1950-இல் தம் தலைசிறந்த வாலஸ்டன் பதக்கத்தைப் போவனுக்கு அளித்தனர். 1952-இல் அவர் ஓய்வுபெற்றார். 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி வாஷிங்டனிற் காலமானார். கிரானைட்டைப் பற்றிய பெருநூல் அப்பொழுது வெளிவரவில்லை. இரண்டாண்டு கழித்து 1958-இல், டட்டிலின் பெயர் முன்னும் போவனின் பெயர் பின்னுமாக, அமெரிக்க பூகர்ப்ப சங்கத்தார் அதனை வெளியிட்டனர்.

அவருக்குப் பின்வந்தோர் இம்முறையையே மேலும் ஆழத்திற்குக் கொண்டுசென்றனர். கடலடித் தளம் மெல்ல நகர்ந்து கண்டங்களின் கீழே அமிழ்கின்றது என்பது 1960-ஆம் ஆண்டுகளில் தெளிவாயிற்று. அமிழும் பாறையிலே ஸர்ப்பெண்டைனும் அதுபோன்று நீர் கொண்ட பிற கனிப்பொருள்களும் உள. அறுபது மைல் அளவு ஆழத்தை எய்தும்போது அவை சூடேறிச் சிதைந்து நீரைக் கக்குகின்றன; குண்டினுள் 1949-இற் கண்ட சிதைவு போன்றதே இதுவும். அந்நீர் மேலே ஏறி, வெப்பமிக்க உட்பாறையிற் புகுகின்றது. நீரில்லையேல் அப்பாறை உருக 1,400 டிகிரிக்கு மேலும் வேண்டும். நீர் புகவே உருகுநிலை பல நூறு டிகிரி தாழ்ந்து குழம்பு பிறக்கின்றது. ஜப்பான், ஜாவா, சுமத்ரா, தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர் ஆகியவற்றின் எரிமலைகள் இவ்வாறு பிறந்தனவே. எல்லா எரிமலைகளும் இவ்வாறே என்று சொல்லப் புகுந்தால் போவன் நம்மையும் நகையாடுவார். ஹவாய்த் தீவிலும் கடலடி மலைமுகடுகளிலும், சூடான பாறை மேலே எழுவதால் அமுக்கம் குறைந்து உருகுவதே தலைமையான காரணம். ஆங்கு நீரின் பங்கு சிறிது.

2014-இல் பிரேசில் நாட்டு ஜுயினா என்னும் இடத்தினின்று கிடைத்த வைரம் ஒன்றைப் பற்றிய செய்தி வெளிவந்தது. அவ்வைரத்தினுள் ரிங்வுடைட்டு என்னும் கனிப்பொருளின் கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று சிக்கியிருந்தது. நிலத்தின் கீழ் முந்நூறு மைலுக்கு மேற்பட்ட ஆழத்திலன்றி அப்பொருள் நிலைபெறாது. அத்துகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு நீர் அடங்கியிருந்தது. அவ்வளவு ஆழத்திலும் கடலளவு நீர் கல்லினுள் ஒளிந்து கிடக்கின்றதோ என்று பத்திரிகைகள் ஆரவாரித்தன. அளந்து பார்த்ததோ ஒரு வைரத்தினுள் இருந்த ஒரு துகள். அவ்வடுக்கு முழுவதும் நனைந்ததா, அன்றி அவ்விடம் மட்டுமா என்பதை, உயர்ந்த அமுக்கக் கருவிகளின் முன்னமர்ந்தும் நில அதிர்ச்சி அலைகளை ஆராய்ந்தும் அளந்துகொண்டிருக்கின்றனர்.